காற்று ஞாயிறு

டயரில் காற்றளவு பார்ப்பதென்றால் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்து நின்ற கையோடு பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, ஐயா. ஆனால் உங்கள் காவல் நிலைய வாசலில் நிற்கும் ஜீப்புக்கு யார் காற்றுப் பார்க்கிறாரோ அவருக்குத் தெரியவில்லை. முன் டயர் இரண்டிலும் ஓரங்கள் மட்டும் மழித்துவிட்ட மாதிரி தேய்ந்திருக்கின்றன, நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. எப்போதும் காற்றுக் குறைவாகவே ஓடுகிற வண்டி அது. உள்ளே வரும்போதே பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது டயர்தான். ஒரு பேருந்து நிறுவனத்தின் டயர் பிரிவில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்தில் என் கை பட்ட சக்கரம் ஒன்றுகூட வழியில் கழன்றதில்லை. சந்தேகம் இருந்தால் அங்கே போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் கார் அவர்கள் இஷ்டம், டயர் என் இஷ்டம். கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே முகம் சுருங்குவார்கள். மற்றவர்கள் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர்ப் பட்டன் எவ்வளவு ஆழம் என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். நான் குனிந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் படிப்பேன். எந்த வாரம், எந்த வருடம் செய்த டயர் என்பது அதில் இருக்கும். ஓடாமலே கிடங்கில் கிடந்து கிழடு தட்டிய டயரைப் புதிது என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

என் தம்பி ஒருமுறை என்னைக் கேட்காமல் அகல டயர் நான்கு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்டும் டயர் உள்ளே உரசிக் கத்தியது. இனிமேல் வளைவே இல்லாத ஊராகப் பார்த்துக் குடிபோய்விடு என்று சொன்னேன். குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான், அந்த வாரமே டயரை மாற்றினான். அப்போதெல்லாம் என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் காற்று ஞாயிறு. பெயர் வைத்தது என் மகள், சின்னப் பெண்ணாக இருந்தபோது. தம்பி குடும்பம் வரும். மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அவளும் மாப்பிள்ளையும், அப்புறம் பேத்தியும் வந்தார்கள். காலையிலேயே வண்டியோடு வந்துவிட வேண்டும். வந்ததும் நான் எதையும் தொட மாட்டேன். டயர் குளிர வேண்டும். குளிரும்வரை எல்லோரும் உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பார்கள், சாப்பிடுவார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். கூடிப் பேச வேண்டும் என்று நாங்கள் கூடியதில்லை. டயர் குளிர்வதற்காகக் கூடினோம், அதில் குடும்பம் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு நான் காற்றளவு காட்டுகிற கேஜை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். ஒவ்வொரு வண்டியாகக் காற்றுப் பார்ப்பேன், பட்டன்களுக்கு இடையில் சிக்கிய கல்லைக் குத்தி எடுப்பேன், தேவைப்பட்டால் முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றுவேன். ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது வீல் நட்டைக் கையால் சுற்றிவிட்டால் போதும். தரையில் இறக்கிய பிறகுதான் டார்க் ரென்ச்சால் கடைசி இறுக்கு. சரியான அளவு வந்ததும் அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எந்தச் சக்கரமும் என் வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் கண்டிப்பு. எல்லாம் முடிந்ததும் மதியச் சாப்பாடு. வெயில் தாழ எல்லோரும் கிளம்புவார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிற வேலை அவருக்கு. இது நன்றாகத் தெரிகிறதா, அது நன்றாகத் தெரிகிறதா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் குரல் அப்படியே ஆகிவிட்டது. சண்டை போட வராத மனிதர். ஒருமுறை அவர் இரண்டு புது டயர் மட்டும் வாங்கினார். புதிதை முன்னால் போடச் சொல்லிக் கேட்டார், எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். மழை ரோட்டில் பின் சக்கரம் பிடி விட்டால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும், புதிது பின்னால்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் வாயைத் திறக்காமல் முழுதும் கேட்டுவிட்டு, அடுத்த முறை வந்தபோது தன்னோடு வேலை பார்க்கிற ஆறேழு பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு காற்று ஞாயிறும் கிளம்பும்போது, பஞ்சு மாதிரி ஓடுது மாமா என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அடுத்த மாதம் வரைக்கும் ஓட்டுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காற்று ஞாயிறன்று அவர் வண்டியின் நான்கு சக்கரத்தையும் பார்த்து முடித்தேன். எல்லாவற்றிலும் காற்று கச்சிதமாக இருந்தது. சரி, ஸ்டெப்னியையும் பார்த்துவிடலாம் என்று டிக்கியைத் திறந்தேன். வழக்கமாக அதை நான் எப்போதாவதுதான் பார்ப்பேன். மாப்பிள்ளை வேகமாக வந்து, அதில் சாமான் நிறையக் கிடக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நான் சாமானை ஒதுக்கினேன். ஸ்டெப்னியில் காற்று ஏற்றும் வாயில் பச்சை மூடி இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. நைட்ரஜன் நிரப்புகிற பெரிய கடைகளில், நிரப்பியதற்கு அடையாளமாகப் பச்சை மூடி போட்டு அனுப்புவார்கள். நான் அடைப்பது சாதாரணக் காற்று, என் மூடி கறுப்பு. வெளியே இருந்த நான்கு சக்கரத்திலும் கறுப்பு மூடிதான் இருந்தது. ஆனால் அவை தூசுகூடப் படியாமல் புத்தம் புதிதாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வேறு இடத்தில் காற்று அடைத்துக்கொண்டு, என் வீட்டுக்கு வரும்போது மட்டும் பச்சையைக் கழற்றிக் கறுப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான்கு சக்கரமும் நினைவுக்கு வந்தவர்களுக்கு ஐந்தாவது நினைவுக்கு வரவில்லை.

டிக்கியை மூடினேன். தம்பி சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருந்தான், அதையும் திறந்து பார்த்தேன். பச்சை. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு என் வண்டியைத் திறந்தேன். என் மனைவி தையல் வகுப்பு எடுக்கப் போய்வருகிற வண்டி அது, நான் தேதி பார்த்து வாங்கிய டயர். அதிலும் பச்சை.

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, மாப்பிள்ளை எல்லாம் வேறு வீட்டில் இருக்கிறவர்கள், எப்படியோ போகட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இவள் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் தூங்குகிற நேரம் பார்த்து வண்டியை எடுத்துப் போய் அடுத்தவன் கையில் கொடுத்திருக்கிறாள். உள்ளே போய் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், நம் வண்டிக்குக் காற்று எப்படி இருக்கிறது என்று. அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதானே பாக்குறீங்க. அப்புறம் அதுக்கு என்ன குறை?"

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இத்தனை வருடம் கூட இருந்தும் அவளுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பச்சை மூடியில் ஒரு டயர் கடையின் முத்திரை இருந்தது. அடுத்த வாரம் அந்தக் கடைக்கு நடந்தே போனேன். கண்ணாடிச் சுவர், உட்கார சோபா, காபி இயந்திரம். உள்ளே வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலை செய்வதை நாம் உட்கார்ந்தபடி பார்க்கலாம். அவர்கள் வேலை மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்மேசையில் ஒரு பெண் இருந்தாள், கலகலவென்று பேசுகிறவள். இன்னாருடைய வண்டி இங்கே வருமே, கண் மருத்துவமனையில் இருக்கிறாரே, அவர்தான் இந்தக் கடையைப் பற்றிச் சொன்னார் என்றேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஓ, அந்த வீட்டு ஆளுங்களா? ரொம்ப நல்ல மனுஷங்க சார். மூணு வண்டி. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமைக்கு முந்தின நாள் ஒரு தடவை வருவாங்க, மறுநாள் திங்கக்கிழமை ஒரு தடவை வருவாங்க."

எதற்கு இரண்டு தடவை என்று கேட்டேன்.

"அவங்க வீட்டுல ஒரு பெரியவர் இருக்காராம். ஞாயித்துக்கிழமை அவர் எல்லா வண்டியையும் கழட்டி மாட்டுவாராம். ஒரு தடவை நட்டை இறுக்காமலே விட்டுட்டாராம், நடு ரோட்டுல வீல் ஆடியிருக்கு. அவர்கிட்ட சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவார்னு யாரும் சொல்லல. அவருக்குக் கழட்டுற வேலை வராம முந்தின நாளே இங்க சரி பண்ணிக்குவாங்க, அவர் பாட்டுக்குப் பாக்கட்டும்னு விட்டுட்டு, மறுநாள் திரும்பக் கொண்டாந்து காட்டிட்டுப் போயிடுவாங்க. பாவம் சார், வயசாயிடுச்சுல்ல. நாங்க பாத்ததே இல்ல, ஆனா எங்களுக்கே அவர் மேல ஒரு பிரியம் வந்துடுச்சு."

காபி கொடுத்தாள். குடித்தேன். நன்றாகவே இருந்தது.

நட்டை இறுக்காமல் விட்டதாக அவர்கள் சொல்லும் அந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. நடக்காத ஒன்று எப்படி நினைவில் இருக்கும்? மாப்பிள்ளைக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே சரியாகத் தெரியாது, வண்டி குழியில் இறங்கியதைச் சக்கரம் ஆடியது என்று நினைத்திருப்பார். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மனைவி, என் மகள், என் தம்பி, எல்லோரும் கூடிப் பேசி, சிறுபிள்ளை விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி சேர்த்துக்கொள்கிற மாதிரி என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப் பார்த்ததே இல்லாமல் எனக்காகப் பரிதாபப்படுகிறாள். எதிரி செய்தால் தாங்கிக்கொள்ளலாம், ஐயா. பிரியத்தோடு செய்கிற துரோகத்துக்கு எதிரே எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த காற்று ஞாயிறன்று அவர்களைச் சோதித்துப் பார்த்தேன். தம்பி வண்டியில் காற்று அளவாக இருந்தது. நான் வேண்டுமென்றே, பாதிக் காற்று இல்லை, இதை எப்படி ஓட்டி வந்தாய் என்று அதட்டினேன். அவன் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, நல்லவேளை அண்ணா நீங்கள் பார்த்தீர்கள், இல்லாவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்றான். முந்தின நாள்தான் கடையில் காட்டிவிட்டு வந்திருக்கிறான். அவன் மனைவி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், குழந்தை தப்பாகப் பாடினாலும் கைதட்டுகிற தாய் மாதிரி. எல்லோருமாகச் சேர்ந்து எனக்குக் காதில் பூ சுற்றினார்கள். நானும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பழிவாங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கடையின் வண்டவாளத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கடை இறுக்கி அனுப்பிய சக்கரம் ஒன்று வழியில் ஆட வேண்டும். மாப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும், இறங்கிப் பார்க்க வேண்டும். மாமா பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேகமாகப் போகிற வண்டியில் சக்கரம் ஆடினால் என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். பேருந்து ஓட்டுநர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுத்தவனே நான்தான்.

இந்த மாதக் காற்று ஞாயிறும் எப்போதும் போலத்தான் இருந்தது. வந்தார்கள், காபி குடித்தார்கள், டயர் குளிர்ந்தது. மாப்பிள்ளை வண்டியில் முன் இடது டயரில் சின்ன ஆணி ஒன்று ஏறியிருந்தது. கடையில் காட்டிய பிறகு வழியில் ஏறியிருக்க வேண்டும். எனக்கு நல்ல வாய்ப்பு. அந்தச் சக்கரத்தை எல்லோர் கண் முன்னாலும் கழற்றினேன், ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தேன், சோப்புத் தண்ணீர் விட்டுக் காற்றுக் கசிகிறதா என்று காட்டினேன். பேத்தி குமிழி வரவில்லையே என்று ஏமாந்து போனாள். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டுகளைக் கையால் சுற்றி, ஜாக்கியை இறக்கினேன். அப்போது தம்பி தன் வண்டியில் ஓடும்போது ஏதோ தட்டுகிற சத்தம் வருகிறது என்று கூப்பிட்டான். அவனோடு ஏறித் தெருவைச் சுற்றி வந்தேன். பட்டனில் ஒரு ஜல்லிக்கல் சிக்கிக்கொண்டு தரையில் தட்டிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, உன் இன்ஜினை எடுத்துவிட்டேன், வைத்துக்கொள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிஜம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். நீங்கள் போங்கள், சாமானை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். எல்லோரும் உள்ளே போனதும் மாப்பிள்ளை வண்டியின் பின் வலது பக்கம் போய்க் குனிந்தேன். அந்தச் சக்கரத்தை நான் அன்றைக்குக் கழற்றவே இல்லை, எல்லோரும் அதற்குச் சாட்சி. அது கடை இறுக்கியது, ஆடினால் கடையின் பெயர்தான் கெடும். நட்டு ஒவ்வொன்றையும் விரலால் சுற்றினால் வருகிற அளவுக்குத் தளர்த்தினேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. சாமானைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தன் வண்டியின் டிக்கிப் பக்கம் நின்றிருந்தார். விரலில் கறுப்பு அப்பியிருந்தது. மூடி மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன், உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன். அவர் டிக்கியை மெதுவாக மூடிவிட்டு, சாப்பாடு ஆறுகிறது, வாங்க மாமா என்றார். இருவரும் ஒன்றாக உள்ளே போனோம். எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நட்டைத் தளர்த்தும்போது மாப்பிள்ளை, மகள், பேத்தி மூன்று பேரும் அந்த வண்டியில்தான் போவார்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டின் நடுவில்தான் மகள், குழந்தை தூங்கிவிட்டாள், நாங்கள் இங்கே இருந்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்றாள். அவருக்குக் காலையில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனம் லேசானது. அவர் மட்டும்தானே என்று தோன்றியது. வெளியே போய் இறுக்கிவிட்டு வர எனக்கு நேரம் நிறைய இருந்தது. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "பஞ்சு மாதிரி ஓடும் மாமா," என்றார். தெருமுனை திரும்பும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

நெடுஞ்சாலையில் பாலம் இறங்குகிற இடத்தில் சக்கரம் கழன்று தனியாக ஓடியிருக்கிறது. வண்டி எதிர்ப்பக்கம் போய் லாரியில் மோதியது. அவர் வேகத்தைக் குறைக்கப் பார்த்தார் என்று பின்னால் வந்தவர் சொன்னாராம். அதிக நேரம் வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார்கள். அவருக்காக நான் நிஜமாகவே வருந்தினேன்.

எல்லாம் முடிந்த பிறகு யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கடையில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நானே எடுத்துக்கொடுத்தேன். கடை என்று ஒன்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றுகூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தம்பி வந்து தோளில் கை வைத்து, விடுங்கண்ணா, அதையே நினைக்காதீங்க என்றான். அவன் கையின் கனத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மகள் அன்று மாலை என் அறைக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, உங்க மேல யாருக்கும் கோவம் இல்ல. அவருக்கும் இருக்காது. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? மறந்துட்டீங்க. அவ்வளவுதான்."

நான் மறக்கவில்லை என்று சொன்னேன். சரிப்பா என்றாள். தெரிந்துதான் செய்தேன், வேண்டுமென்றேதான் தளர்த்தினேன் என்றேன். அதற்கும் சரிப்பா என்றாள், என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் என்னைத் திட்டியிருந்தால், கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னைக் கேட்காமலே, என் முதுகுக்குப் பின்னால், எல்லோரும் கூடி என்னை மன்னித்துவிட்டார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இன்று உங்களிடம் வந்தேன்.

இவ்வளவும் கேட்ட பிறகு நீங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு வேறொன்று சொல்கிறீர்கள். கழன்று ஓடியது முன் இடது சக்கரம் என்கிறீர்கள். பின் வலது இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் நட்டெல்லாம் இறுகிக் கிடந்தது என்கிறீர்கள். நான் அங்கே ஸ்பேனரோடு குனிந்திருந்ததை என் மனைவி சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தாளாம். ஏதோ தடுமாற்றத்தில் தளர்த்துகிறேன் என்று நினைத்து மாப்பிள்ளையிடம் சொன்னாளாம். நான் கை கழுவப் போன நேரத்தில் அவர் வந்து அதை இறுக்கினாராம். நான் பார்த்துவிட்டால் மனம் நோவேன் என்று, என் காலடிச் சத்தம் கேட்டதும் ஸ்பேனரை டிக்கிக்குள் போட்டு மூடிவிட்டாராம். மற்ற சக்கரங்களையும் பார்த்தீர்களா என்று என் மனைவி பிறகு ரகசியமாகக் கேட்டதற்கு அவர் சொன்னதை அவள் வாக்குமூலத்திலிருந்து படித்துக் காட்டினீர்கள்.

"முன்னாடி வீலை மாமா நம்ம எல்லார் எதிர்லயும் மாட்டினார் அத்தை. அது சரியாத்தான் இருக்கும்."

நல்ல கதை. எனக்குத் தெரியாமல் கூடிப் பேசி ஒன்றைச் செய்வது அவர்களுக்குக் கைவந்த கலை. மறதிக்காரக் கிழவன் என்று சொன்னால் நீங்கள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். கொலைகாரன் என்று எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். மறந்துவிட்டான் என்று எழுதினால் போட மாட்டேன்.

முன் இடதை இறுக்கினேனா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். இறுக்கினேன். தம்பியோடு தெருவைச் சுற்றிவிட்டு வந்தேன், வந்ததும் நேராகப் போய் அதைத்தான் செய்தேன். செய்திருப்பேன். செய்யாமல் எப்படி இருப்பேன்? கோப்பில் முன் இடது என்று இருப்பதை அடித்துவிட்டுப் பின் வலது என்று எழுதுங்கள், ஐயா. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.